நாலாவது அடியை விட்டுவிடாதீர்கள்

ஆடிப்பெருக்கு வந்தால் போதும், "கங்கை ஆடிலென், காவிரி ஆடிலென்" என்று, அதாவது கங்கையில் குளித்தால்தான் என்ன, காவிரியில் குளித்தால்தான் என்ன என்று கேட்கும் அப்பர் வரியை யாராவது எடுத்துப் போட்டுவிடுகிறார்கள். படித்துறையில் காதோலை கருகமணி வைத்துக் கும்பிடும் பெண்களைக் குத்திக்காட்டத்தான். திருவையாற்றுப் படித்துறையில் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு வளர்ந்தவன் நான். வருஷா வருஷம் மனசு வலிக்கிறது.

அந்தப் பாட்டுக்கு நாலு அடி. "எங்கும் ஈசன் எனாதவர்க்கு இல்லையே" என்று முடிகிற நாலாவது அடியில்தான் அப்பர் சொல்ல வந்ததே இருக்கிறது. எங்கும் அவன் என்று உணராதவருக்கு எந்தத் தீர்த்தமாடியும் பலனில்லை. குளிக்காதே என்று அவர் எங்கே சொன்னார்? உழவாரத்தைத் தோளில் வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய்க் கோயிலில் புல் செதுக்கியவர் அவர். கயிலாயம் பார்க்கக் கிளம்பி, காலும் உடம்பும் தேய்ந்து, கடைசியில் இதே திருவையாற்றுக் குளத்தில் எழுந்தார் என்கிறது பெரியபுராணம். பிடியோடு களிறு வந்தது, பெடையோடு கோழி வந்தது. அவற்றிலேயே அம்மையப்பனைப் பார்த்துவிட்டு "கண்டறியாதன கண்டேன்" என்று பாடிவிட்டார். ஆமாம், நம் தெருவில் மேய்கிற அதே கோழிதான்.

தட்டில் விழும் நோட்டைப் பார்த்துத் திருநீறு கொடுக்கும் இடத்தில் நின்று நானும் கூசியிருக்கிறேன். அப்பர் கேட்டது அங்கேயும் பொருந்தும்.

அப்புறம் தாயுமானவர். திருச்சி மலைக்கோட்டைச் சாமி பெயரையே கொண்ட புலவர். பூப்பறிக்கப் போனால் "பார்க்கின்ற மலரூடு நீயே இருத்தி", பார்க்கிற பூவுக்குள்ளும் நீயே இருக்கிறாய் என்று கை நீளவில்லை. சரி, கும்பிடலாமென்றால் என் உள்ளத்திலும் நீயே நிற்கிறாய், கை குவிக்க நாணமாயிருக்கிறது, நான் கும்பிடுவது அரைக்கும்பிடுதான் என்கிறார். கும்பிடுகிறவனுக்குள்ளும் அவனே இருந்தால் முழுக்கும்பிடு எப்படி வரும்! எத்தனையோ ராத்திரி இந்த ஒரு சொல்லோடு கிடந்திருக்கிறேன். பூசையை வெறுத்தவர் வாயில் இது வராது. அன்பு மிஞ்சிக் கை நின்றுபோன இடம் அது.

அம்மாவுக்குத் தாயுமானவர் பாட்டெல்லாம் தெரியாது. விடிந்ததும் கொல்லையில் நந்தியாவட்டை பறித்துப் பித்தளைத் தட்டில் கொண்டுவருவாள். நாற்பது வருஷப் பழக்கம். போன தை மாசம் ஒருநாள் வெறும் தட்டோடு வந்தாள். பூ இல்லையா என்றேன்.

"செடி கொள்ளாம பூத்திருக்குடா. பனியோட அப்படியே நின்னுச்சு. கைவைக்க மனசு வரல."

அன்றைக்கு விளக்கை மட்டும் ஏற்றினாள். கொல்லைக் கதவைச் சாத்தவே இல்லை.