கையால் சுட்ட காக்ரா

அகமதாபாத்தில் ஒரு மாமியாரும் மருமகளும் வீட்டிலேயே காக்ரா என்ற மொறுமொறு ரொட்டி சுட்டு விற்கும் கதையைப் படித்ததும் அதே ஊரின் மணிநகர் பகுதி ஞாபகம் வந்துவிட்டது. அங்கே ஒன்பது வருடம் குடியிருந்தோம். பக்கத்து வீட்டு அக்கா கோதுமை மாவில் வெந்தயக்கீரை சேர்த்து, அப்பளம் போல மெல்லியதாகத் தேய்ப்பார். சிறு தீயில் கல்லில் போட்டு, மரக்கட்டையால் ஓரம் ஓரமாக அழுத்திக்கொண்டே இருப்பார். ஈரம் முழுக்கப் போனால்தான் மொறுமொறுப்பு வரும், பல நாள் கெடாமலும் இருக்கும். அவசரப்பட்டால் நடுவில் சவசவ என்று ஆகிவிடும். தீபாவளிக்குச் செய்யும் மட்டியா என்ற அப்பளம் போன்ற பலகாரம் இன்னும் கஷ்டம், மாவை இடித்து இடித்துத்தான் இளக்க வேண்டும்.

இவ்வளவு உழைப்புக்கு அந்த மாமியாரும் மருமகளும் கேட்கும் விலை நியாயமானதே. தயவுசெய்து பாக்கெட் காக்ராவோடு ஒப்பிட்டுப் பேரம் பேசாதீர்கள். லிஜ்ஜத் அப்பளமும் 1959இல் பம்பாய் கிர்காமில் ஏழு குஜராத்திப் பெண்கள் 80 ரூபாய் கடன் வாங்கி மொட்டைமாடியில் தொடங்கியதுதான். இவர்களும் நன்றாக வரட்டும்.

அப்புறம், சென்னைக்குக் கூரியரில் அனுப்புவார்களா? மேத்தி (வெந்தயக்கீரை) காக்ரா இரண்டு கிலோ எனக்கு வேண்டும்.