நைதரசன் வாயு மூச்சடைக்குமா?

"கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தைத் தரமுயர்த்தினால் நைதரசன் வாயு கிளம்பும், லயத்துப் பிள்ளைகளுக்கு மூச்சடைக்கும்" என்று மலையக வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு குரல் பதிவு சுற்றுகிறது. வாயு வருவது சரி. மூச்சடைக்கும் என்பது பொய். நாம் சுவாசிக்கும் காற்றில் 78 சதவீதம் நைதரசன்தானே!

காற்றூட்டும் தாங்கியில் சிலவகை பக்டீரியாக்கள், சிறுநீரால் வரும் அமோனியாவை நைத்திரேற்றாக்கும். அப்புறம் காற்றூட்டாத தாங்கியில் வேறு பக்டீரியாக்கள் கழிவிலுள்ள காபனைத் தின்றபடி நைத்திரேற்றிலிருந்து ஒட்சிசனைப் பிடுங்கிக்கொள்ளும். மிஞ்சும் நைதரசன் சின்னச் சின்னக் குமிழிகளாக மேலே வந்து திறந்த வெளியில் கலந்துவிடும். அதே நைத்திரேற்று ஓயாவுக்குப் போனால் பாசிக்குத்தான் விருந்து.

ஆளைக் கொல்லக்கூடியது மூடிக்கிடக்கும் மலக்குழியில் தேங்கும் ஐதரசன் சல்பைட்டு. அதைப் பற்றி அந்தப் பதிவில் ஒரு வார்த்தை இல்லை.

கேட்க வேண்டிய கேள்வி வேறு: நுவரெலியாக் குளிரில் அமோனியாவை மாற்றும் பக்டீரியா மந்தமாகிவிடும், அது பெருகும்வரை, அது வாழும் கழிவுச் சேற்றைக் கூடுதல் நாள் தேக்கிவைக்கத் தாங்கியில் இடம் இருக்கிறதா?