நீலக் கண்ணுக்கு மூவாயிரம் எக்ஸ்ட்ரா

தீபாவளி அன்னைக்கு எங்க தெருவுல பத்தாயிரம் வாலா கொளுத்துனானுங்க. தெரு நாயெல்லாம் கார் அடியில போய் பதுங்குது, எதிர்வீட்டு லேப்ரடார் பாத்ரூமுக்குள்ள போய் உக்காந்துகிட்டு வெளிய வர மாட்டேங்குது, எங்க வீட்டு முத்து மட்டும் வாசப்படியில நாலு காலையும் நீட்டி தூங்குறான். மூணு மாசக் குட்டி. வெடிச்ச பேப்பர் குப்ப அவன் முதுகு மேலயே வந்து விழுது, ஒரு காது கூட ஆடல. சித்தப்பா அத வீடியோ எடுத்து ஃபேமிலி குரூப்புல போட்டு "ராஜபாளையம்டா! வேட்டை நாய் ரத்தம்டா!"ன்னு எழுதுனாரு. எங்கப்பாவுக்கு பெருமை தாங்கல. நானும் ஸ்டேட்டஸ் வச்சேன், பொய் சொல்ல மாட்டேன்.

வீரமும் இல்ல ஒரு மண்ணும் இல்ல. அவனுக்கு காது கேக்காது. ரெண்டு காதும். அது அவன வித்த ஆளுக்கு நல்லாவே தெரியும்னு எனக்கு தெரியும், அதான் இத்தன மாசம் கழிச்சும் வயிறு எரியுது.

முதல்ல இருந்து சொல்றேன். அப்பா ரிட்டயர் ஆன நாள்ல இருந்து ஒரே புலம்பல், அவங்க தாத்தா வீட்டுல ஒரு ராஜபாளையம் இருந்துச்சாம், பால் வெள்ளையாம், ரோஸ் மூக்காம், களத்துல நெல்லு கிடந்தா ராத்திரி பூரா சுத்தி சுத்தி வருமாம். 2005ல தபால் துறை ராஜபாளையம் நாய் படம் போட்டு ஸ்டாம்பு விட்டப்ப அத வாங்கி டைரிக்குள்ள வச்சிருக்குற ஆளு அவரு. சரி, வாங்கிக் குடுத்துருவோம்னு நானும் தம்பியும் கிளம்புனோம். "ஏன் காசு குடுத்து வாங்குன, தெரு நாய தத்தெடுத்திருக்கலாம்ல"ன்னு கேக்கப் போறவங்க கேட்டுக்கோங்க, அந்த அடிய வாங்கிக்கிறேன், நியாயமான அடி தான். ஆனா இப்ப விஷயம் அது இல்ல.

மதுரையில இருந்து ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆச்சு. ராஜபாளையம் பக்கத்துல ஒரு ஊரு, பேரெல்லாம் வேணாம், அந்த ஆளு பேரும் வேணாம், அந்தப் பக்கம் தலைமுறையா ஒழுங்கா நாய் வளக்குற குடும்பங்க இருக்கு, அவங்க பொழப்புல நான் மண்ணள்ளிப் போட விரும்பல. போன்ல பேசுறப்ப தேன் ஒழுகுது. "வாங்க மேடம், டீ குடிச்சிட்டு பொறுமையா பாத்து எடுங்க." போய் இறங்குனா, ஆஸ்பெஸ்டாஸ் ஷெட்டு, வெளிய ஒரு கம்பி வலை அடைப்பு, அதுக்குள்ள அஞ்சு குட்டி. தாய காட்டுங்கன்னேன். "தாய் கடிக்கும் மேடம், குட்டி போட்ட நாயில்ல." தகப்பன்? "அது வெளிய கிராஸிங்குக்கு போயிருக்கு." பேப்பர்? "நாட்டு நாய்க்கு எதுக்கு மேடம் பேப்பரு, மூஞ்சிய பாத்தாலே தெரியும்ல." தடுப்பூசி கார்டு மட்டும் குடுத்தான். அதுல தேதி இருக்கு, மருந்து பாட்டில்ல இருந்து கிழிச்சு ஒட்டுற ஸ்டிக்கர் இல்ல, டாக்டர் சீல் இல்ல, பேனா மை கூட காயாத மாதிரி இருந்துச்சு. இதையெல்லாம் பாத்துகிட்டே தான் நின்னேன். அறிவு இருந்துச்சா எனக்கு? இல்ல. குட்டிய பாத்துட்டா அறிவு எங்கயோ போயிடுது, அத நம்பித் தான் இவனுங்க கடையே ஓடுது.

இப்ப ராத்திரி ரெண்டு மணிக்கு முழிப்பு வந்தா என் கண்ணு முன்னாடி ஓடுறது ஒரே ஒரு சீன் தான். அந்த ஆளு ஒரு ஈயத் தட்ட எடுத்து கரண்டியால டங் டங்குனு தட்டுனான். நாலு குட்டி உருண்டு புரண்டு ஓடியாருது. அஞ்சாவது மூலையில சாக்கு மேல தூங்கிட்டு இருந்துச்சு, அசையல. கடைசியா ஓடுன குட்டி அது தலைய மிதிச்சுட்டு போச்சு பாருங்க, அப்ப தான் திடுக்குனு எந்திரிச்சு மத்தது பின்னாடியே ஓடுச்சு. நான் "அய்யோ இது என்ன இவ்ளோ சமத்து"ன்னேன். அவன் சிரிச்சுகிட்டே "மேடத்துக்கு நல்ல கண்ணு, இது தான் அமைதியான குட்டி, உங்க வீட்டுக்கு ஏத்தது, கண்ண பாத்தீங்களா, நீலம், ஆயிரத்துல ஒண்ணு தான் இப்படி வரும், மத்தது பதினஞ்சு, இது மட்டும் பதினெட்டு"ன்னான்.

மூவாயிரம் எக்ஸ்ட்ரா. நீலக் கண்ணுக்கு. இத ஞாபகம் வச்சுக்கோங்க.

நாப்பத்தஞ்சு நாள் குட்டின்னு சொன்னான். வீட்டுக்கு வந்து பாத்தா ஒழுங்கா சோறு திங்கத் தெரியல, பால் தேடி என் தம்பி சட்டைய சப்புது. மறுநாள் டாக்டர் பல்ல பாத்துட்டு ஒரு மாசம், மிஞ்சிப் போனா அஞ்சு வாரம்னாரு. நாய் வளத்து விக்கிறதுக்குன்னே 2017ல மத்திய அரசு விதி போட்டிருக்கு, எட்டு வாரம் ஆகாம குட்டிய விக்கவே கூடாது, மைக்ரோசிப் போடணும், வளக்குறவன் மாநில விலங்கு நல வாரியத்துல பதிவு பண்ணியிருக்கணும், அந்த சர்டிபிகேட்ட எல்லாரு கண்ணுலயும் படுற மாதிரி மாட்டி வைக்கணும். அந்த ஷெட்டுல மாட்டியிருந்தது ஒரு கேலண்டர் தான். எட்டு வாரம் வரைக்கும் வச்சிருந்தா தீனி செலவு, ஊசி செலவு, அதோட குட்டி வளந்துட்டா அந்த பஞ்சுப் பொதி அழகு போயிடும், வெல இறங்கிடும், அதனால பால் குடி மறக்குறதுக்கு முன்னாடியே பிடுங்கி வித்துடுறது. கூடப் பொறந்ததோட கட்டிப் புரண்டு விளையாடி தான் எவ்ளோ அழுத்திக் கடிச்சா வலிக்கும்னு குட்டி கத்துக்கும், அந்த வாரத்தையும் சேத்து வித்துட்டான், அதனால எங்க எல்லாரு கையும் ரெண்டு மாசம் பிளேடு போட்ட மாதிரி கிடந்துச்சு.

காது விஷயம் எங்களுக்கு ஏன் தெரியலன்னு கேப்பீங்க. கூப்பிட்டா வராது, "ராஜபாளையம் திமிரு பிடிச்சது, ஒரு ஆளுக்கு தான் அடங்கும்"னு அப்பாவே சமாதானம் சொல்லிக்குவாரு. குக்கர் விசில் அடிச்சா தூக்கம் கலையாது, "குழந்த மாதிரி தூங்குறான்"னு அம்மா கொஞ்சும். ஆனா நம்ம நடந்து வந்தா தலைய தூக்கும், ஏன்னா தரையில அதிர்வு தெரியுது. தீபாவளி முடிஞ்ச மறுநாள் தான் எனக்கு சுருக்குனுச்சு. தூங்குறப்ப பின்னாடி போய் அதே மாதிரி தட்டும் கரண்டியும் எடுத்து தட்டுனேன். ஒண்ணுமில்ல. இன்னும் கிட்ட போய் தட்டுனேன். பக்கத்து வீட்டு அக்கா மாடியில இருந்து எட்டிப் பாத்து "என்னடி ஆச்சு"ங்குறாங்க, இவன் வால் கூட ஆட்டல. அந்த ஈயத் தட்டு சத்தம் எனக்கு அப்ப தான் ஞாபகம் வந்துச்சு. கரண்டிய கீழ போட்டுட்டு அப்படியே உக்காந்துட்டேன்.

டாக்டர் கை தட்டிப் பாக்கல. கை தட்டுனா காத்து முகத்துல அடிக்கும், அத வச்சே திரும்பிடும்னாரு. அவன் பின்னாடி போய் நின்னு பாக்கெட்டுக்குள்ளயே சாவிக் கொத்த குலுக்குனாரு. ரெண்டு தடவை, மூணு தடவை. அப்புறம் பொறுமையா விளக்குனாரு, வெள்ளை நாய்கள்ல இது வர்றது தான், உடம்புக்கு நிறம் குடுக்குற செல்லு உள்காதுக்கும் வேணும், அது அங்க இல்லன்னா காதுல இருக்குற நரம்பு செல்லெல்லாம் பொறந்த மூணு நாலு வாரத்துக்குள்ள செத்துப் போயிடும், மருந்தும் கிடையாது ஆபரேஷனும் கிடையாது. அப்புறம் கண்ண பாத்துட்டு சொன்னாரு, நீலக் கண்ணும் அதே நிறக் குறை தான்மா, நீலக் கண்ணு இருக்குற வெள்ளை நாய்க்கு காது போற வாய்ப்பு கூடுதல்.

மூவாயிரம் எக்ஸ்ட்ரா குடுத்தேன்யா நான் அதுக்கு!

இன்னொரு விஷயமும் சொன்னாரு, அத கேட்டதுல இருந்து தான் இந்த தொழில் மேலயே வெறுப்பு வந்துச்சு. ஒத்தக் காது மட்டும் கேக்காத நாயும் உண்டு, வெளிய பாத்தா தெரியவே தெரியாது, தலையில வயர் மாட்டி காதுல விழுற சத்தம் மூளைக்கு போகுதான்னு பாக்குற டெஸ்ட்டுல தான் பிடிபடும், அந்த நாயையும் தெரியாம ஜோடி சேத்துட்டே இருந்தா அடுத்தடுத்த ஈத்துல முழு செவிடு வந்துட்டே இருக்கும். இருக்குறதே கொஞ்சம் நாய், அதுல பால் வெள்ளை தான் வேணும், ரோஸ் மூக்கு தான் வேணும்னு வெள்ளையும் வெள்ளையுமா சேத்துகிட்டே போறாங்க. வாங்குறவங்களும் லேசுப்பட்டவங்க இல்ல. 2017 ஜல்லிக்கட்டு போராட்டத்துக்கு அப்புறம் எல்லாருக்கும் நாட்டு மாடு நாட்டு நாய்னு ஒரு பெருமை வந்துச்சு, நல்லது தான், நானும் மெரினா போட்டோவெல்லாம் ஷேர் பண்ணவ தான், ஆனா அதோட சேந்து "நாட்டு நாய்க்கு நோயே வராது"ன்னு ஒரு ஃபார்வர்டும் வந்துச்சு பாருங்க, அத எழுதுனவன் கையில கிடைச்சா முத்துவ கூப்பிடச் சொல்லுவேன். காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் கூப்பிடட்டும்.

போன் போட்டேன். கோவப்படாம பேசணும்னு தண்ணியெல்லாம் குடிச்சிட்டு தான் போட்டேன். "மேடம், நீங்க தான நேர்ல பாத்து எடுத்தீங்க"ன்னான். ஒரு மாசக் குட்டிக்கு காது கேக்காதுன்னு நான் எப்படி பாக்குறது, தெனமும் தட்டு தட்டி சோறு போடுறவன் நீ, உனக்கு தெரியாதான்னேன். "அதெல்லாம் வளந்தா சரியாயிடும்." ஆகாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. "டாக்டர் ஆயிரம் சொல்லுவான்." சரி, அதுக்கு என்ன பண்ணப் போறன்னு கேட்டா ரொம்ப பெருந்தன்மையா சொல்றான், "கொண்டு வாங்க மேடம், வேற குட்டி மாத்தித் தர்றேன், போக்குவரத்து மட்டும் உங்க செலவு."

மாத்தித் தர்றானாம். மிக்ஸி பாரு, ஜார் லீக்காகுதுன்னு மாத்துறதுக்கு.

நான் ஒண்ணே ஒண்ணு கேட்டேன், "இவன திருப்பிக் குடுத்தா என்ன பண்ணுவீங்க?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. பின்னாடி ஏதோ நாய் குரைக்குது. அப்புறம், "அத நாங்க பாத்துக்குறோம் மேடம்."

கட் பண்ணிட்டேன். என்ன பாத்துக்குவான்னு யாரும் எனக்கு விளக்க வேண்டாம். காசு திரும்பக் கேக்கல, போயும் தொலையட்டும். கன்ஸ்யூமர் கோர்ட்டுக்கு போன்னு தம்பி சொன்னான், பில்லு எங்க இருக்கு, பதினெட்டாயிரமும் கையில வாங்கிட்டான், ஜிபே பண்றேன்னதுக்கு சர்வர் டவுன்னான், அந்த ஷெட்டுல எப்பவும் சர்வர் டவுன் தான் போல.

முத்து இப்ப ஒம்பது மாசம். நல்லா தான் இருக்கான். அப்பா அவனுக்கு கை சைகையெல்லாம் சொல்லிக் குடுத்திருக்காரு, உள்ளங்கைய கீழ காட்டுனா உக்காருவான், கட்ட விரல தூக்குனா சபாஷ்னு அர்த்தம், ராத்திரி தோட்டத்துல நின்னா டார்ச்ச ரெண்டு தடவை அணைச்சு போட்டா ஓடி வந்துடுவான். தூங்குறவன தொட்டு எழுப்பக் கூடாது, திடுக்குனு கடிச்சிடுவான், அதனால பக்கத்துல தரைய மிதிச்சு தான் எழுப்பணும், அம்மாவுக்கு முட்டி வலி, கைத்தடியால தட்டுவாங்க. ஒரு தடவ வாசல் கேட் திறந்திருந்தப்ப ரோட்டுக்கு போயிட்டான். பின்னாடி ஒரு பால் வண்டி ஹாரன் அடிச்சுகிட்டே வருது, அடிச்சுகிட்டே வருது, இவன் நடு ரோட்டுல ஏதோ காகிதத்த மோந்துகிட்டு நிக்கிறான். நான் கத்துறேன். எனக்கு தெரியும் கேக்காதுன்னு, இருந்தும் கத்துறேன். வண்டிக்காரரு பிரேக் போட்டு ஒரு கேன் பால் கொட்டிப் போச்சு, அவரு திட்டுனதெல்லாம் எனக்கு பாட்டு மாதிரி இருந்துச்சு.

இதெல்லாம் பழகிப் போச்சு, மறந்துட்டு தான் இருந்தேன். நேத்து ராத்திரி அந்த ஆளு ஸ்டேட்டஸ் கண்ணுல பட்டுச்சு, நம்பர டெலீட் பண்ணாம வச்சிருந்தது என் தப்பு. "நியூ லிட்டர் ரெடி, சேம் பேரன்ட்ஸ், ப்ளூ ஐஸ் அவைலபிள்." அதே பெட்டை. போன ஆகஸ்டுல போட்டது, இப்ப மறுபடியும். வருஷத்துக்கு ஒரு ஈத்துக்கு மேல கூடாதுன்னு அதே விதியில தான் இருக்கு, யாரு எண்ணிகிட்டு இருக்கா. கூடவே ஒரு வீடியோ, பதினாலு செகண்டு. அதே ஷெட்டு, அதே அடைப்பு. ஈயத் தட்டு டங் டங்குது, மூணு குட்டி ஓடியாருது, கேமரா திரும்புறப்ப மூலையில சாக்கு மேல வெள்ளையா ஒண்ணு கிடக்கு. தூங்குது.

தம்பி நம்பர்ல இருந்து மெசேஜ் போட்டேன், அந்த மூலையில இருக்குற குட்டி என்ன வெலன்னு.

"அது புக் ஆயிடுச்சு சார், கோயம்புத்தூர் பார்ட்டி, ஞாயித்துக்கிழம வந்து எடுக்குறாங்க, வேற நீலக் கண்ணு ஒண்ணு இருக்கு, இருவது."

கோயம்புத்தூர்ல இருந்து இந்த ஞாயித்துக்கிழம ராஜபாளையம் பக்கம் குட்டி எடுக்க யாராச்சும் கிளம்புறீங்கன்னா, பாக்கெட்டுல ஒரு சாவிக் கொத்து எடுத்துட்டு போங்க. மத்த குட்டிய எல்லாம் தள்ளி வைக்கச் சொல்லிட்டு, அது பின்னாடி போய் நின்னு, கைய வெளிய எடுக்காம குலுக்குங்க.