ஞாயிற்றுக்கிழமை முட்டைக் காசு

அமெரிக்காவில் பிறந்த கிறிஸ்தவப் பிரிவான மார்மன் சபையின் பொது மாநாட்டில் ஒரு பெண் முதன்முதலாக ஜெபம் சொன்னது 2013 ஏப்ரலில். ஜீன் ஸ்டீவன்ஸ். பலரும் கொண்டாடினார்கள், கொண்டாட வேண்டியதுதான். ஆனால் மார்மன் பெண்ணியம் என்று பேச்செடுத்தாலே மைக்கும், ஆண்களுக்கு மட்டுமே தரப்படும் ஆசாரியத்துவமும் (சடங்கு நடத்தும், சபையை ஆளும் அதிகாரம்)தான் வருகின்றன, கல்லாப்பெட்டி வருவதில்லை. எனக்கு அதுதான் குறை.

பெண்களின் ரிலீஃப் சொசைட்டி (தமிழ் வெளியீடுகளில் ஒத்தாசைச் சங்கம்) 1842 மார்ச் 17 அன்று, இல்லினாயின் நாவூ ஊரில், சபையை நிறுவிய ஜோசப் ஸ்மித்துடைய கடையின் மாடியில் தொடங்கியது. தலைவி அவர் மனைவி எம்மா ஸ்மித். பிறகு மார்மன்கள் குடிபெயர்ந்த யூட்டாவில் அதற்குக் காசு வந்த வழிதான் அழகு. ஞாயிற்றுக்கிழமை கோழி இட்ட முட்டை சங்கத்துக்கு! ஏறக்குறைய நம் பிடியரிசிக் கணக்கு. 1876-இல் ஸ்மித்துக்குப் பின் சபைத் தலைவரான பிரிகாம் யங் தானியம் சேமிக்கச் சொன்னதும், அறுவடையான வயல்களில் சிந்திய கதிரைப் பொறுக்கினார்கள். காசு கொடுத்தும் கோதுமை வாங்கினார்கள், களஞ்சியம் கட்டினார்கள். கோதுமையைக் கொட்டி வைத்தால் மட்டும் போதாது. வண்டு விழும், எலி வரும். விதைக்குக் கடன் கொடுத்துப் புதியதாகத் திரும்ப வாங்கினால் இருப்பும் கெடாது, உழவனுக்கும் உதவி. 1918-இல் போர்க்கால அமெரிக்க அரசுக்கு விற்கப்பட்ட சங்கத்துக் கோதுமை 2 லட்சம் புஷலுக்கு மேல். புஷலுக்குச் சுமார் 27 கிலோ என்றால் 5,400 டன்னைத் தாண்டுகிறது.

பத்திரிகையும் இருந்தது. 1872-இல் தொடங்கிய ‘உமன்ஸ் எக்ஸ்போனென்ட்’, 1877 முதல் எம்மலின் வெல்ஸ் ஆசிரியராக, 1914 வரை வந்தது. வாக்குரிமைக்காக அதில் வெளிப்படையாக வாதாடினார்கள். யூட்டா பெண்கள் 1870-லேயே வாக்களித்தவர்கள். 1887-இல் அமெரிக்க காங்கிரஸ் அதைப் பறித்தது.

அவர்கள் குரல் எடுபட்டதற்குக் காரணம் இந்த முட்டைக் காசும் அச்சுத்தாளும்தான் என்பேன். 1970-இல் இரண்டும் போயின. ‘ஒருங்கிணைப்பு’ என்ற பெயரில் சங்கத்தின் நிதி ஆண் தலைமையிடம் போனது, அப்போதைய சங்கப் பத்திரிகை அந்த டிசம்பரோடு நின்றது. மிச்சமிருந்த கோதுமை நிதியும் 1978-இல் ஒப்படைக்கப்பட்டது. ஞாயிறு ஆராதனையில் பெண்கள் ஜெபம் சொல்லக்கூடாது என்று 1967-இல் போட்ட தடை நீங்கியதும் அதே 1978-இல்தான். எது போய் எது வந்தது, பாருங்கள்.

இன்று ஒரு தொகுதியில் (உள்ளூர்ச் சபையில்) பட்ஜெட்டை ஒதுக்குவது அதன் தலைவரான ஆயர், ஓர் ஆண். சங்கத் தலைவி தேவையை எழுதித் தரலாம், ஒப்புதல் ஆயருடையது. ஒழுங்கு நடவடிக்கையிலும் இதே கதை. 2020-க்கு முந்தைய விதிப்படி, மெல்கிசேதேக்கு (உயர்நிலை) ஆசாரியத்துவம் பெற்ற ஓர் ஆணைச் சபையிலிருந்து விலக்க வேண்டுமென்றால் பிணையத் (பல தொகுதிகள் சேர்ந்தது) தலைமை 3 பேர், உயர்மன்றம் 12 பேர் என 15 ஆண்கள் உட்கார வேண்டும். பெண்ணை விலக்க ஆயரும் இரண்டு ஆலோசகர்களும் போதும். பெண்களுக்கு ஆசாரியத்துவம் கேட்ட கேட் கெல்லியை 2014-இல் விலக்கியது அப்படி ஒரு மூவர் அவைதான்.

2019 அக்டோபரில் ஞானஸ்நானத்துக்குப் பெண்களும் சாட்சி நிற்கலாம் என்றார்கள். சாட்சியின் வேலை சின்னதல்ல. சொல்ல வேண்டிய வாசகம் பிசகக்கூடாது, உடல் முழுதாக மூழ்க வேண்டும். ஒரு பிடி முடியோ கால் விரலோ மேலே தெரிந்தால் மறுபடி முக்கச் சொல்லலாம். நல்ல மாற்றம்தான். ஆனால் ஞானஸ்நானம் பெற்ற யாரும் சாட்சியாகலாம் என்பதே அந்த விதி. 60 வயதுப் பாட்டிக்குக் கிடைத்த அந்த உரிமை 8 வயதுப் பேரனுக்கும் அன்றைக்கே கிடைத்தது. சில வருடம் கழித்து ஆசாரியத்துவத்தின் முதல் படியில் ஏறி, ஞானஸ்நானத்தில் முக்கிவிடும் உரிமையையும் நோக்கி அவன் நகரத் தொடங்குவான். பாட்டி சாட்சியாகவே நிற்பாள்.