கொழும்பும் கொல்கத்தாவும் ஒன்றல்ல

தம்பி, லினக்ஸ் இயங்குதளத்தில் நேரவலயம் வைப்பது பற்றிய உங்கள் பதிவில், "லினக்ஸ் +5:30 என்ற எண்ணை (உலகப் பொதுநேரத்தைவிட ஐந்தரை மணி முன்) மட்டுமே சேமிக்கிறது, திருகோணமலையில் நேரவலயத்தை ஆசியா/கொல்கத்தா என்று வைத்தாலும் வித்தியாசமில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். இன்றைய கடிகாரத்தில் வித்தியாசமில்லை என்பது சரி. பழைய கோப்புகளின் நேரத்துக்குச் சரியில்லை.

லினக்ஸின் உள்கடிகாரம் 1970 ஜனவரி 1 முதலான விநாடிகளை உலகப் பொதுநேரப்படி எண்ணுகிறது. ஊர் நேரத்தைக் காட்ட லினக்ஸ் பார்ப்பது ஈடிசி (/etc) கோப்புறையில் உள்ள லோக்கல்டைம் (localtime) என்ற கோப்பை; அது பெரும்பாலும் வேறொரு கோப்பைச் சுட்டும் வெறும் இணைப்புதான். அது சுட்டும் நேரவலயக் கோப்பில் அந்த ஊரின் நேர மாற்றங்கள் எல்லாம் வரிசையாக இருக்கின்றன. இலங்கையின் கதையை மறந்துவிட்டீர்களா? 1996 மே மாதம் +6:30, அதே ஆண்டு அக்டோபரில் +6:00, 2006 ஏப்ரலில்தான் மீண்டும் +5:30. இந்தியாவில் இந்த மாற்றங்கள் எதுவும் இல்லை.

இங்கே ஒரு மீன்வலைக் கடையின் பழைய கணக்குக் கோப்புகளைப் புதிய கணினிக்கு மாற்றிக் கொடுத்தேன். யாரோ கொல்கத்தா என்று வைத்திருந்ததால், 2001இல் காலை 6 மணிக்குச் சேமித்த கோப்பு 5:30 என்று காட்டியது. கோப்பில் எந்தப் பிழையும் இல்லை. ஆசியா/கொழும்பு என்று மாற்றியதும் நேரம் சரியாகிவிட்டது. தயவுசெய்து உங்கள் பதிவைத் திருத்துங்கள். புதிதாகக் கற்கும் பிள்ளைகள் அதை அப்படியே பின்பற்றுவார்கள்.