குருமட மாணவரின் ஐயமும் அமைதியும்

குருவாக இறைவன் தம்மை அழைக்கிறார் என்னும் இறையழைத்தலைப் பற்றிய உறுதியின்மையோடு அமைதியாக வாழக் கற்றுக்கொண்டதைக் குருக்களை உருவாக்கும் பயிற்சி இல்லமான குருமடத்தின் மாணவர் ஒருவர் ஒரு கட்டுரையில் மனம்திறந்து எழுதியிருப்பது என்னை நெகிழச் செய்தது. மெய்யியல், இறையியல் என்று கத்தோலிக்கக் குருமடப் பயிற்சி பல ஆண்டுகள் நீள்வதற்கு, மாணவர் தம்மைச் சோதித்தறியவும் திருச்சபை அவரைச் சோதித்தறியவும் காலம் தேவை என்பதும் ஒரு காரணமாகும். குருத்துவத்திற்கு முந்தைய நிலையான திருத்தொண்டராக அருள்பொழிவு பெறுமுன், தாம் சுதந்திரமாகவும் சொந்த விருப்பத்தோடும் முன்வருவதாகத் தம் கைப்பட எழுதிக் கையொப்பமிட்டுத் தரவேண்டும் என்று 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பு கேட்கிறது. அதுவரை எழும் ஐயங்களை மறைத்து வைக்காமல் ஆன்ம வழிகாட்டியிடம் திறந்து சொல்வதே நேர்மை என்று நம்புகிறேன்.

ஆறுதலற்று மனம் இருண்டிருக்கும் வேளையில், முன்பு எடுத்த தீர்மானத்தை மாற்றக் கூடாது என்பது 16ஆம் நூற்றாண்டில் இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் தந்த அறிவுரை. ஆனால் இதை, குருமடத்தை விட்டு வெளியேறவே கூடாது என்று பலர் புரிந்துகொள்கிறார்கள். தெளிந்த மனத்தோடு, நீண்ட செபத்திற்குப் பின் விலகத் தீர்மானிப்பவரும் இறைவனின் விருப்பத்தையே தேடியிருக்கிறார். அவரைக் குடும்பத்தினரும் பங்கு மக்களும் தோற்றுத் திரும்பியவராக நடத்துவது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது. அந்த அச்சமே பல மாணவர்களை ஐயத்தைச் சொல்லவிடாமல் தடுக்கிறது என்பதைப் பயிற்சி அளிக்கும் தந்தையர் கருத்தில் கொள்ள வேண்டும்.