ஏழு அடுக்கும் மனப்பாடம், அப்புறம்?

நெட்வொர்க் வேலைக்கு வந்த ஒரு பையனைப் போன வாரம் நேர்காணல் செய்தேன். கணினிகள் தங்களுக்குள் பேசிக்கொள்வதை அடுக்கடுக்காகப் பிரித்துக் காட்டும் ஓஎஸ்ஐ மாடலின் ஏழு அடுக்குகளையும் மேலிருந்து கீழ், கீழிருந்து மேல் என்று தட்டுத் தடுமாறாமல் ஒப்பித்தான். சரி, "தம்பி, 8.8.8.8-க்கு பிங் போகிறது, ஆனால் எந்த வெப்சைட்டும் திறக்கவில்லை. முதலில் எதைப் பார்ப்பாய்?" என்றேன். முழித்தான். பிங், அதாவது எதிர்முனை பதில் தருகிறதா என்ற சோதனை, தேறினால் இணைப்பு சரி; சந்தேகப்பட வேண்டியது வெப்சைட் பெயரை 8.8.8.8 போன்ற எண் முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸை. அந்தச் சொல் கடைசிவரை அவன் வாயிலிருந்து வரவில்லை.

அவனைக் குறை சொல்ல மனம் வரவில்லை. அந்த ஏழில் ஒன்றான பிரசன்டேஷன் லேயரின் பணிகள் யாவை என்ற கேள்விக்கு இரண்டு பக்கம் எழுதித் தேறியவன்தானே நானும்!

இன்டர்நெட் அந்த ஏழு அடுக்கைப் பார்த்துக் கட்டியதே இல்லை. இன்டர்நெட்டை வடிவமைத்த வின்ட் செர்ஃபும் பாப் கானும், டேட்டாவைத் தொலையாமல் கொண்டுசேர்க்கும் டிசிபி பற்றிய கட்டுரையை வெளியிட்டது 1974-இல். அப்போது எல்லாம் ஒரே புரோட்டோகால், அதாவது ஒரே விதித் தொகுப்பு. தொலைந்த பாக்கெட்டை, அதாவது டேட்டாத் துண்டை, மறுபடி அனுப்புவது ஃபைலுக்கு நல்லது. நேரலைக் குரல் பேச்சுக்கு அது வெறும் தாமதம். அதனால் முகவரி பார்த்து அனுப்பும் வேலையை மட்டும் செய்யும் ஐபியைத் தனியாகப் பிரித்தார்கள். 1983 ஜனவரி 1 அன்று, இன்டர்நெட்டின் முன்னோடியான ஆர்பாநெட் டிசிபி/ஐபிக்கு மாறியது. சர்வதேசத் தர அமைப்பான ஐஎஸ்ஓ தன் ஏழு அடுக்கைத் தரமாக வெளியிட்டது அதற்கு அடுத்த வருடம். இன்று நாம் குடியிருப்பது ஒரு வீடு, வகுப்பில் படிப்பது பக்கத்து மனையின் பிளான்.

அந்தப் பிளானில் சரக்கே இல்லை என்று சொல்லவில்லை. எச்டிடிபிஎஸ் பூட்டுக்குப் பின்னால் இருந்து தளத்தின் அடையாளத்தை உறுதிசெய்யும் எக்ஸ்.509 சான்றிதழ் ஓஎஸ்ஐ முகாமிலிருந்து வந்ததுதான். அடுக்காகப் பிரிப்பதும் அருமையான யோசனை. ஈதர்நெட் கேபிளைக் கழற்றிவிட்டு வைஃபைக்கு மாறினாலும் பிரவுசரில் ஒரு வரி மாற்ற வேண்டியதில்லையே. ஆனால் எண்ணிக்கையை வேதமாக்கினால் சிக்கல். 2021-இல் தரமாக ஏற்கப்பட்ட குவிக் என்ற புரோட்டோகால், தொலைந்ததை மறுபடி அனுப்பாத எளிய யூடிபி மேல் உட்கார்ந்து டிசிபியின் வேலையையும் என்க்ரிப்ஷனையும் சேர்த்தே பார்க்கிறது. அது எத்தனையாவது அடுக்கு? கேட்டால் ஆளுக்கொரு பதில்.

என்னைக் கேட்டால் முதல் வகுப்பிலேயே, நெட்வொர்க்கில் ஓடும் பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் வயர்ஷார்க்கைத் திறந்துவிட வேண்டும். அந்தப் பையனுக்கும் அதைத்தான் செய்தேன். ஒரு டிஎன்எஸ் பாக்கெட்டைப் பிடித்துக் காட்டினேன்: ஈதர்நெட், ஐபி, யூடிபி, டிஎன்எஸ். விரல் விட்டு எண்ணினான். "மீதி மூன்று எங்கே சார்?" என்றான். ஒன்று கேபிளிலேயே இருக்கிறது என்றேன். மற்ற இரண்டைப் பற்றிப் பேச டீக்கடைக்குப் போய்விட்டோம்.